அயல்மொழிப் பள்ளியில் நம் பிள்ளைகள்
(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத பிள்ளைகளுக்கு இங்கிலாந்து தேசத்துப் பாடசாலைகளில் அவரவர் நிலையறிந்து கற்பிக்கும் முறையைப் பற்றியதாகும். தமிழ் கற்பிக்கும் ஒருவனுக்கு இங்கிலாந்துப் பள்ளிக்கூடத்தோடு யாது சம்பந்தம் என்று சிலர் எண்ணுதல் கூடும். சம்பந்தம் நம் வீடுகளிலேயே இருக்கிறது. செவிலியராகவும், கணிப்பொறித் தொழிலினராகவும் நம் மக்கள் பலர் அந்நாட்டிற்குச் சென்று வாழ்கின்றனர்; தம் பிள்ளைகளையும் உடன் கொண்டு செல்கின்றனர். சென்ற ஆறாம் மாதத்தில் தொலைபேசி வாயிலாக இங்கே ஒரு செய்தி வருகிறது. பிள்ளை வகுப்பில் வாய் திறப்பதில்லையாம். ஆகையால் இனி வீட்டில் தமிழ் பேசுவதில்லை என்று தாயும் தந்தையும் முடிவு செய்துவிட்டனராம். அது கேட்ட பாட்டியார், பேரனோடு பேசுதற்கு நான்கு ஆங்கிலச் சொற்களை நெட்டுருச் செய்யத் தொடங்குகிறார். இம்முடிவு பிள்ளைக்கு நன்மை செய்யாது என்பதையும், ஏன் செய்யாது என்பதையும் விளக்குதலே என் கருத்து.

கேட்பவன் எவ்வளவு ஏற்பான், எவ்வழியால் ஏற்பான் என்பதை ஆசிரியன் முதலில் உணர்ந்து, அதற்கிசையவே பொருளை ஊட்டுதல் வேண்டும் என்னும் கொள்கை நமக்குப் புதிதன்று. 13-ஆம் நூற்றாண்டினராகிய பவணந்தி முனிவர் தமது நன்னூற் பாயிரத்தில் இதனை ஆசிரியனுக்குரிய விதியாகவே கூறினார். அம்மட்டோடு நில்லாது மாணாக்கரையும் மூவகையாகப் பகுத்தார். அன்னமும் பசுவும் போல்வார் தலையாயினார். மண்ணும் கிளியும் போல்வார் இடையாயினார். ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் போல்வார் கடையாயினார். இவ்வுவமைகளை நம் பள்ளிகளில் இன்றும் சொல்லக் கேட்கிறோம். ஆயினும் ஒன்று சிந்திக்கத்தக்கது. இவை ஆசிரியனும் மாணாக்கனும் ஒரே மொழி பேசி எதிரெதிர் அமர்ந்த காலத்திற்கு உரியவை. ஆசிரியர் பேசுவது ஒரு மொழி, மாணாக்கன் அறிந்தது மற்றொரு மொழி என்றாகுமிடத்து அன்னம் யாது, எருமை யாது என்று எங்ஙனம் துணிவது? மொழி விளங்காத இடத்தில் அன்னமும் வாய்மூடியே நிற்கும். அதனை எருமை என்று மயங்கிக் கடைவரிசையில் அமர்த்திவிடுதலே அயல்மொழிப் பிள்ளைக்கு நேரும் முதற் கேடு.

இஃது என் கற்பனையன்று. இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர் மேற்கிந்தியத் தீவுகளினின்றும், இந்தியா, பாகிஸ்தான் ஆகிய நாடுகளினின்றும் பல்லாயிரவர் இங்கிலாந்திற் குடியேறினர். அவர்தம் பிள்ளைகளை என் செய்வது என்று அந்நாட்டுக் கல்வி இலாகா நெடுநாள் தடுமாறியது. குடியேறியோர் பிள்ளைகள் எந்தப் பள்ளியிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாதிருத்தல் நலம் என 1965-ஆம் ஆண்டில் ஒரு சுற்றறிக்கை பிறந்தது. அதன்படி இலண்டனின் மேற்கேயுள்ள சவுத்தாலில் வாழ்ந்த பஞ்சாபிப் பிள்ளைகள் நாள்தோறும் பேருந்துகளில் ஏற்றப்பட்டுத் தொலைவிலுள்ள பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டனர். பிள்ளைகளைப் பல பள்ளிகளுக்குப் பகிர்ந்தார்களே ஒழிய, பாடத்தைப் பிள்ளைக்கேற்பப் பகுத்தார்களில்லை.

1971-ஆம் ஆண்டில் பெர்னார்ட் கோர்ட் என்னும் கிரனேடாத் தீவினர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். மேற்கிந்தியப் பிள்ளைகள், அறிவு வளர்ச்சி குன்றியோருக்கென ஏற்பட்ட பள்ளிகளுக்கு அளவுக்கு மிஞ்சி அனுப்பப்படுகின்றனர் என்பதை அந்நூல் வெளிப்படுத்தியது. அப்பிள்ளைகள் வீட்டிற் பேசுவது தமக்கென இலக்கணமுடைய ஒரு மொழி. அதனைச் சிதைந்த ஆங்கிலம் என்று கருதி, அறிவே சிதைந்தது போல் எண்ணினார்கள். அறிவை அளக்கவென்று கொடுத்த வினாத்தாள் உண்மையில் மொழியையே அளந்தது. ஒரு முழங்கோலால் நெல்லை அளந்து, நெல் குறைந்தது என்று கணக்கெழுதினால் யார் ஒப்புவர்?

வேறு சிலர் நன்னோக்கத்தோடு மற்றொரு வழி கண்டனர். ஆங்கிலம் அறியாத பிள்ளைகளைத் தனிக் கூடங்களில் வைத்து, முதலில் மொழியை மட்டும் கற்பித்துப் பின்னர் வகுப்புக்கு அனுப்புவது என்பது அது. கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆயின் அப்பிள்ளை அங்கே ‘இது பந்து, இது பூனை’ என்று படித்துக்கொண்டிருக்கும் காலத்தில், அவன் வயதுப் பிள்ளைகள் பின்னமும், பூகோளமும், சரித்திரமும் கற்று முன்னே சென்றுவிடுகின்றனர். திரும்பி வருபவன் மொழியிற் சிறிது தேறி, மற்ற எல்லாவற்றிலும் பின்தங்கியவனாகிறான். யார்க்ஷயர் பகுதியைச் சேர்ந்த கால்டர்டேலில் நடந்த இத்தகைய ஏற்பாட்டை 1986-ஆம் ஆண்டில் இனச் சமத்துவ ஆணைக்குழுவினர் ஆராய்ந்து, அது பாகுபாடாகும் என முடிவு கூறினர். அதற்கு முந்திய ஆண்டில் வெளிவந்த ஸ்வான் அறிக்கையும் தனிக்கூட முறையைக் கைவிடுமாறே வற்புறுத்தியது. அதுமுதல் எல்லாப் பிள்ளைகளும் பொது வகுப்பிலேயே அமர்கின்றனர்.

பொது வகுப்பில் அமர்ந்துவிட்டால் போதுமா? ஒரே அறை, ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர் என்பதனால் கல்வியும் ஒன்றாகிவிடாது. ஒரே அளவுச் சட்டை தைத்து ஊர்ப் பிள்ளைகள் அனைவர்க்கும் கொடுத்துவிட்டுச் சமத்துவம் என்று சொல்வது போலாகும் அது. இக்குறையை உணர்ந்தே, 2004-ஆம் ஆண்டளவில் பள்ளித்துறை அமைச்சராயிருந்த டேவிட் மிலிபாண்ட் முதலியோர், அவரவர்க்கேற்ற கல்வி என்னும் கொள்கையைப் பெரிதும் பேசினர். அரசாங்கம் மாறியபின் அப்பெயர் அமுங்கிற்று. பெயர் போனாலும் பொருள் போகவில்லை. நல்லாசிரியர்கள் அதனை விடவுமில்லை.

அதன் பொருள் யாது என்பதைச் சிலர் தவறாகக் கொள்வதுண்டு. முப்பது பிள்ளைகளுக்கு முப்பது பாடம் ஆயத்தஞ் செய்தல் என்பதன்று. எந்த ஆசிரியராலும் அது இயலாது. இயலுமென்று சொல்பவர் வகுப்பிற் கால் வைத்தவரல்லர். பிள்ளையைத் தனியே ஒரு மூலையில் கணிப்பலகை ஒன்றோடு அமர்த்திப் படம் பார்க்கவிடுதலுமன்று. பாடம் ஒன்றே, குளம் ஒன்றே, இறங்கும் படித்துறை வேறு. எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறான் என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

அந்நாட்டில் பள்ளிக் கணக்கெடுப்பில், வீட்டில் ஆங்கிலமல்லாத மொழியோடு பழகி வளரும் பிள்ளைகள் எல்லோரையும் ‘ஆங்கிலத்தைக் கூடுதல் மொழியாகக் கொண்டோர்’ என்று ஒரே பெயரால் எழுதுகின்றனர். 2024-ஆம் ஆண்டுக் கணக்கில் அவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். இப்பெயருள் அடங்குவோரை உற்று நோக்குங்கள். இலண்டனிலேயே பிறந்து, ஆங்கிலத்தை நீர் போற் பேசி, பாட்டியோடு மட்டும் தமிழ் பேசும் சிறுமியும் இதில் ஒருத்தி. மதுரையில் ஏழாம் வகுப்பு வரை நன்கு படித்து, கணக்கிற் புலியாகி, நேற்று விமானத்தினின்று இறங்கியவனும் இதில் ஒருவன். ஆப்கானிஸ்தானத்திலோ சிரியாவிலோ போரினால் பள்ளிக்கூடமே இரண்டு மூன்று ஆண்டு மூடிக்கிடக்க, தன் தாய்மொழியிலும் எழுதப் படிக்க நிரம்பாத பிள்ளையும் இதில் ஒருவன். இம்மூவருக்கும் ஒரே மருந்தா கொடுப்பது? நீர் ஆவியாகி மேகமாகி மழையாகப் பெய்யும் பாடத்தை எடுத்துக்கொள்வோம். மதுரைச் சிறுவனுக்கு அப்பொருள் முழுதும் தெரியும். ஆங்கிலப் பெயர்கள் மட்டுமே வேண்டும். பத்துச் சொற்களைப் படத்தோடு முதல்நாளே கொடுத்துவிட்டால் மறுநாள் அவனே விடை சொல்வான். போர்நாட்டுப் பிள்ளைக்குப் பொருளும் வேண்டும், எழுத்தும் வேண்டும், எல்லாவற்றுக்கும் முன்னே அச்சம் நீங்கவும் வேண்டும். இலண்டன் சிறுமியோ பேச்சில் எல்லாம் அறிந்தவள் போற் காணப்படுவாள். ஆயின் அப்பாடத்தை நூல்நடையில் எழுதச் சொன்னால் விளையாட்டுத் தளத்துப் பேச்சையே எழுதுவாள். அவளுக்கு ஒரு துணையும் வேண்டா என்று விட்டுவிடுகின்றனர்; குறை கண்ணிற் படாமையால் அவளே பெரிதும் ஏமாற்றமடைகிறாள்.

நம்மூரிலிருந்து செல்வோரில் நான்காவதொரு வகையும் உண்டு. இதனை இங்கிலாந்து ஆசிரியர் எளிதில் ஊகிக்கமாட்டார். இங்கே ஆங்கில வழிப் பள்ளியிற் படித்த பிள்ளைக்குப் பாடநூலின் கடுஞ்சொற்களெல்லாம் எழுத்துப் பிழையின்றி மனப்பாடம். ஒளிச்சேர்க்கை என்பதற்கு ஆங்கிலச் சொல்லை நெடுங்கணக்கு மாறாமற் சொல்வான். ஆனால் பக்கத்திலிருப்பவன், “உன் அழிப்பானைச் சற்றுக் கொடு” என்று ஆங்கிலத்திற் கேட்டால் விழிப்பான். இலண்டன் சிறுமிக்கு எதிர்மறை இவன். அவளுக்கு வேண்டியது நூல்நடை. இவனுக்கு வேண்டியது பேச்சுநடை.

இனி, பிள்ளையின் தாய்மொழியை ஆசிரியர் சிறிதளவேனும் அறிந்திருத்தல் ஏன் இன்றியமையாதது என்பதைக் கூறுவேன். இது என் தொழிலோடு ஒட்டியது. ஆகலின் சற்று விரித்துச் சொல்லப் பொறுத்தருள்க. ஒரே வகுப்பில் நான்கு பிள்ளைகள் பிழை செய்கின்றனர். பிழை ஒன்று போலத் தோன்றும். வேர் வேறு வேறு. தமிழ்ப்பிள்ளை ஆங்கிலப் பெயர்ச்சொல்லின் முன் வரவேண்டிய ‘தி’ என்பதை விட்டுவிடுகிறான். நம் மொழியில் அதற்கு நேரான சொல் இல்லை. ‘ஒரு’ என்பதுண்டு, ‘அந்த’ என்று சுட்டுவதுண்டு, ‘தி’ என்பதன் வேலையை முழுதும் செய்யும் சொல் யாதுமில்லை. போலந்துப் பிள்ளையும் அதனை விடுகிறான்; அவன் மொழியிலும் அது கிடையாது. ஆயின் போலந்துப் பிள்ளைக்கு உரோமானிய எழுத்துக்கள் முன்பே தெரியும். தெரிந்ததே அவனுக்குத் தடையாகவும் நிற்கும். ஆங்கிலத்தில் ‘டபிள்யூ’ என்று நாம் சொல்லும் எழுத்து அவன் மொழியில் ‘வி’ ஒலி தரும். அரபிப் பிள்ளையோ வலமிருந்து இடமாக எழுதிப் பழகியவன். அவன் மொழியில் ‘ப்’ என்னும் வல்லொலி இல்லாமையால் அவ்விடத்து மெல்லிய ‘பகர’ ஒலியையே சொல்வான். சீனப்பிள்ளை ஆணையும் பெண்ணையும் மாற்றி மாற்றிச் சொல்கிறான். அவனுக்கு அறிவு மயக்கமன்று, சீனத்துப் பேச்சில் அவன், அவள் இரண்டுக்கும் ஒரே ஒலிதான்.

நம் பிள்ளைக்கு உரிய இடர்கள் வேறு. ‘கோட்’ என்று தமிழில் எழுதினால் மேற்சட்டையும் அதுவே, ஆடும் அதுவே. நம் எழுத்தில் ககரத்தின் வல்லொலியும் மெல்லொலியும் வடிவில் வேறுபடா. சொல்லின் முதலில் ‘ஸ்’ முதலிய மெய் தனித்து நிற்றல் நம் மரபன்று. எனவேதான் நம் முதியோர் ‘இஸ்கூல்’ என்கின்றனர். வினைமுற்று நமக்கு வாக்கியத்தின் ஈற்றில் வரும். ஆங்கிலத்தில் நடுவிற் புகுந்துவிடும். வேற்றுமையுருபைச் சொல்லின் பின்னே ஒட்டுகிறோம். அவர்கள் தனிச்சொல்லாக முன்னே வைக்கின்றனர். ‘வந்தாயா?’ என்று ஓர் ஆகாரத்தால் நாம் முடிக்கும் வினாவை, அவர்கள் சொல்வரிசையையே புரட்டிக் கேட்கின்றனர். இவற்றை அறிந்த ஆசிரியர், தமிழ்ப்பிள்ளையின் பத்துப் பிழைகளை இரண்டு மூன்று காரணங்களில் அடக்கித் திருத்திவிடுவார். அறியாதவர் பத்தையும் சிவப்பு மையால் வட்டமிட்டுக் கவனக்குறைவு என்று எழுதுவார்.

மரியாதை பற்றியும் ஒரு சொல். ‘கொடுங்கள்’ என்னும்போது நம் மரியாதை வினையின் விகுதியிலேயே அடங்கிவிடுகிறது. அதனை அப்படியே ஆங்கிலத்திற் சொன்னால் வெறும் ஏவலாய் முடியும். ‘பிளீஸ்’ என்பது சேர்ந்தாலன்றி அந்நாட்டார் அதனைப் பணிவாகக் கொள்ளார். நம் பிள்ளை ஆசிரியர் முகத்தை நேரே நோக்காமல் தலை தாழ்த்துவது பணிவு. அங்கே அது கவனமின்மை என்றோ ஒளிவு மறைவு என்றோ எண்ணப்படலாம். நாம் ஆம் என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் அசைப்பது அவர்க்கு மறுப்புப் போலவே தோன்றும். சிறியவை என்று இவற்றைத் தள்ளற்க. ஏழு வயதுப் பிள்ளை பணிவோடு நடந்தும் கடிந்துரைக்கப்படுமாயின், அன்றோடு அவன் வாய் அடைத்துப்போகும்.

வாய் அடைத்தல் என்றேன். புதுமொழிக்குள் புகும் பிள்ளை பல வாரங்கள், சில வேளை பல மாதங்கள், பேசாமலே இருத்தல் இயல்பு. அப்போது அவன் வெறுமனே இருப்பதில்லை. கேட்கிறான், பார்க்கிறான், உள்ளே சேர்க்கிறான். கைக்குழந்தை பேசத் தொடங்குமுன் ஓராண்டு கேட்டுக்கொண்டே இருப்பதை நாம் குறையென்று சொல்வதில்லையே. இக்காலத்தில் அவனை எழுப்பி நிறுத்தி விடை கேட்டு வருத்தலாகாது; படத்தைச் சுட்டவும், அட்டைகளை வரிசைப்படுத்தவும், தன் மொழியிலேயே முதலில் எழுதவும் இடங்கொடுத்தல் வேண்டும். ஆசிரியருக்குத் தமிழ் தெரியாதே என்பீர்கள். தெரியவேண்டுவதில்லை. பிள்ளை தமிழில் ஒரு பக்கம் தடையின்றி எழுதுவதைக் கண்ணாற் கண்டாலே, இவன் எழுத்தறியாதவன் அல்லன் என்பது ஆசிரியர்க்கு விளங்கிவிடும்.

நல்ல பள்ளிகளில் புதிதாக வந்தவனுக்கு, நன்கு பேசும் ஒரு தோழனைத் துணை சேர்த்துவிடுகின்றனர். பிள்ளைக்குப் பிள்ளையே ஆசிரியனாகும் இம்முறையோடு நம் சென்னைக்கு ஒரு பழந்தொடர்பு உண்டு. ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காத்துலாந்துப் பாதிரியார் 1789-ஆம் ஆண்டு முதல் எழும்பூரில் ஐரோப்பியச் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப்பள்ளியை நடத்தினார். இந்நாட்டுப் பள்ளிப்பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அதனைத் தம் பள்ளியிற் கைக்கொண்டார். மூத்த பிள்ளையைக் கொண்டு இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் வகுத்தார். நம் திண்ணைப்பள்ளிச் சட்டாம்பிள்ளையை அறிந்தவர்க்கு அது புதுமையாய்த் தோன்றாது. 1797-ஆம் ஆண்டில் அவர் இலண்டனில் வெளியிட்ட நூலால் அது ‘மதராஸ் முறை’ என்றே பெயர் பெற்று இங்கிலாந்தெங்கும் பரவிற்று. இவ்வளவில் நிறுத்திக்கொள்கிறேன், சட்டாம்பிள்ளையின் பிரம்பும் கூடவே கப்பலேறிற்றா என்பதைச் சரித்திர பண்டிதர்கள் ஆராயட்டும்.

அடுத்து, எத்தனை காலத்தில் ஒரு பிள்ளை ஆங்கிலத்தில் தேறுவான் என்னும் வினா. பெற்றோரும் பள்ளியும் ஒருங்கே ஏமாறும் இடம் இதுவே. கானடா தேசத்தில் ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ் என்பவர், அன்றாடப் பேச்சுமொழி வேறு, பாடத்திற்குரிய நூல்மொழி வேறு என 1979-ஆம் ஆண்டிற் பிரித்துக் காட்டினார். பேச்சு ஏறத்தாழ இரண்டாண்டில் வந்துவிடும். நூல்மொழியில் உடன்பயில்வோரை எட்டிப்பிடிக்க ஐந்து முதல் ஏழாண்டு, சிலர்க்கு அதனினும் மிகுதியாகச் செல்லும். நூல்மொழி என்பதில் அருஞ்சொற்கள் மட்டுமல்ல, பழகிய சொற்களே வேறு வேடம் பூண்டு வரும். ‘டேபிள்’ என்பது மேசை. கணிதத்தில் வாய்பாடு அல்லது அட்டவணை. ‘வால்யூம்’ என்பது வானொலியின் ஓசை, கணிதத்தில் கனஅளவு. சராசரியை ‘மீன்’ என்கின்றனர்; நம் பிள்ளைக்கோ அது குளத்தில் நீந்துவது. கைப்பேசியின் மொழிபெயர்ப்புக் கருவி முதற்சில வாரங்களுக்கு உதவும். இத்தகைய சொற்களில் அது நம்மைக் குழியிலும் தள்ளும்.

ஐந்து முதல் ஏழாண்டு தேவை என்பது இங்ஙனம் இருக்க, அரசாங்கப் பணம் எத்தனை ஆண்டுக்கு வருகிறது? 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பதினோராம் பிரிவின்படி இப்பிள்ளைகளுக்கென ஆசிரியர் வைக்கத் தனிப்பொருள் ஒதுக்கப்பட்டது. பின்னர் வேறு பெயரில் அது தனி மானியமாகத் தொடர்ந்தது. 2011-ஆம் ஆண்டில் அம்மானியம் பள்ளியின் பொதுப்பணத்தோடு கலந்துவிட்டமையால், இதற்கென்றே பயின்ற ஆசிரியர்கள் பல ஊர்களிற் குறைந்தனர். இப்போதைய தேசியக் கணக்கு முறையில், பிள்ளை அந்நாட்டுப் பள்ளியிற் சேர்ந்து மூன்றாண்டு வரையே கூடுதற் பணம் கணக்கிடப்படுகிறது. மூன்றாண்டில் பிள்ளை நன்கு பேசுவான், பேச்சைக் கேட்டோர் தேறிவிட்டான் என்பர், உதவி நிற்கும், நூல்மொழியின் நடுவழியில் அவன் தனியே நிற்பான். ஒவ்வொரு பிள்ளையும் ஐந்து நிலைகளில் எந்நிலையில் உள்ளான் என்பதைப் பள்ளிகள் எழுதியனுப்ப வேண்டுமென 2016-ஆம் ஆண்டில் ஒரு நல்ல ஏற்பாடு வந்தது. ஆனால் அதனோடு பிள்ளையின் நாட்டுரிமையையும் பிறந்த நாட்டையும் கேட்டமையால் பெருத்த எதிர்ப்பு எழுந்து, 2018-ஆம் ஆண்டில் மொழிநிலைக் கணக்கும் உடன் நின்றுபோயிற்று. களை பிடுங்கப் போய்ப் பயிரையும் பிடுங்கினார்கள் என்பதே என் அபிப்பிராயம். பல பள்ளிகள் தம் விருப்பாலேயே அந்நிலைகளை இன்னும் குறித்து வருகின்றன. பெற்றோர் கேட்டால் சொல்வார்கள். கேட்கவேண்டும்.

பதினாறாம் வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. தேர்வு அங்கே மேற்படிப்பின் வாயில். பதின்மூன்று பதினான்கு வயதிற் சென்று சேரும் பிள்ளைக்கு ஏழாண்டு ஏது? இரண்டு மூன்றாண்டே உண்டு. இப்பிள்ளைகள் எல்லோரையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் மற்றவரோடு ஒத்தே தேறுகின்றனர் என்று அரசாங்கக் கணக்குக் காட்டும். இளமையிலேயே சென்றவர்களின் வெற்றி அச்சராசரிக்குள், பிந்திச் சென்றவரின் இடர்ப்பாட்டை மறைத்துவிடுகிறது. ஆகையால் அவ்வயதுப் பிள்ளையை அனுப்புவோர் இருமுறை எண்ணுக. அனுப்பியே ஆகவேண்டுமாயின், மொழி காரணமாக மட்டும் அவனைக் கீழ்ப்பிரிவிற் சேர்த்துள்ளார்களா என்று பள்ளியிற் பணிவோடும் உறுதியோடும் விசாரியுங்கள். நம்மவர் பள்ளிக்கூடத்தில் வினாக் கேட்பதை மரியாதைக் குறைவாக நினைக்கின்றனர். அங்கே பெற்றோர் வினவாவிட்டால் அக்கறையில்லாதவர் என்றே கருதப்படுவர்.

இப்போது தொடக்கத்தில் கூறிய முடிவுக்கு வருகிறேன். வீட்டில் தமிழை நிறுத்தினால் ஆங்கிலம் விரைந்து வரும் என்பது, ஒரு பானையில் ஒன்றே கொள்ளும், இதனை வெளியேற்றினால்தான் அதனை ஊற்றலாம் என்னும் எண்ணத்திற் பிறந்தது. மொழி பானையில் ஊற்றும் நீரன்று. காரணம், காரியம், ஒப்புமை, வேற்றுமை, முன், பின் என்னும் கருத்துக்களைப் பிள்ளை எம்மொழியில் ஆழப் பெற்றாலும் அவை மற்ற மொழிக்கும் உரியனவாகும். பின்னத்தைத் தமிழிற் கற்றவன் ஆங்கிலத்தில் மீண்டும் கற்கவேண்டுவதில்லை, பெயரை மட்டும் கற்றாற் போதும். ஆங்கிலமோ நாள்முழுதும் பள்ளியில் அவனுக்குக் கிடைக்கிறது. தமிழ் கிடைக்குமிடம் வீடொன்றே. தாய்க்கு ஆங்கிலம் அரைகுறையாயின், அவள் அம்மொழியிற் பேசத் தொடங்கிய அன்றே வீட்டில் பேச்சுச் சுருங்கிப்போகும். ‘சாப்பிடு, படி, தூங்கு’ என்னும் அளவில் நின்றுவிடும். கதையும், விளக்கமும், ஏன் என்ற வினாவும், அதற்கு நீண்ட விடையும் போய்விடும். பிள்ளையின் அறிவை வளர்ப்பன இவையே. ஆலன் புல்லக் என்னும் சரித்திர ஆசிரியர் தலைமையில் அமைந்த குழுவினர் 1975-ஆம் ஆண்டிலேயே, பள்ளி வாசலை மிதிக்கும் பிள்ளை தன் வீட்டு மொழியைக் கழற்றி வைத்துவிட்டு வரவேண்டுமென எதிர்பார்த்தல் தகாது என்று அவ்வரசாங்கத்திற்கு அறிக்கை கொடுத்தனர். வெள்ளையர் கழற்றச் சொல்லாத சட்டையை நாமே ஏன் கழற்றி எறிய வேண்டும்?

இலங்கைத் தமிழர் இதில் நமக்கு வழிகாட்டிகள். 1983-ஆம் ஆண்டுக் கொடுமைகளுக்குப் பின் ஏதிலிகளாய் இலண்டன் சேர்ந்தோர், ஹாரோ, மெர்ட்டன், நியூஹாம் முதலிய பகுதிகளில், கையிற் பொருளில்லாத காலத்திலேயே வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளை நடத்தினர். நம்மவர் குடும்பங்கள் அங்குள்ள இத்தகைய பள்ளியைத் தேடிச் சேர்தல் வேண்டும். நம் ஊர், நம் வகுப்பார் நடத்துவதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டா.

புறப்படுவோர் செய்யத்தக்கன சிலவற்றைக் கூறி முடிக்கிறேன். பிள்ளையின் மதிப்பெண் பட்டியல்களோடு அவன் எழுதிய தமிழ்க் குறிப்பேடு ஒன்றையும், கணக்கு நோட்டையும் கொண்டுசென்று தலைமையாசிரியரிடம் காட்டுங்கள். அவன் எம்மொழியில், எத்தனை ஆண்டு, எந்தப் பாடங்களைப் படித்தான் என்பதை எழுதிக் கொடுங்கள். பெயர் எழுதும் படிவத்தில் குடும்பப் பெயர் என்னுமிடத்தில் தந்தை பெயரை எழுதுகிறோம். அதனால் சில ஆசிரியர்கள் பிள்ளையைத் தந்தை பெயரால் அழைக்க, அவன் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று வாளாவிருக்கிறான். அழைக்கும் பெயர் இன்னது என்று முதல்நாளே தெளிவாக்குங்கள். இங்குள்ள பாட்டனார் பாட்டியார் அந்நான்கு ஆங்கிலச் சொற்களை மறந்துவிட்டு, வாரம் இருமுறையேனும் தொலைபேசியில் தமிழிற் கதை சொல்லுங்கள். கதையின் நடுவில் நிறுத்தி, அப்புறம் என்ன ஆகியிருக்கும் என்று கேளுங்கள்.

சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். தமிழ்மொழியின் அமைப்பு, நம் பிள்ளைகள் ஆங்கிலத்திற் செய்யும் பிழைகளின் காரணம், நம் பெயரிடு முறை, மரியாதை வழக்கம் ஆகியவற்றை இங்கிலாந்து ஆசிரியர் ஒருவர் கால்மணி நேரத்திற் படித்தறியுமாறு எட்டுப் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு சிறுசுவடி அச்சிட்டு, வெளிநாடு செல்லும் ஒவ்வொரு குடும்பத்திடமும் இரண்டு பிரதிகள் கொடுத்தனுப்பலாம். தமிழிலக்கணப் பகுதியை எழுதித்தர யான் ஆயத்தமாயிருக்கிறேன். அதனை ஆங்கிலப்படுத்த நம் இளைஞர்களில் ஒருவரும், அச்சுச் செலவை ஏற்க அங்கத்தினர்களில் ஒருவரும் இக்கூட்டம் கலையுமுன் காரியதரிசியிடம் பெயர் கொடுப்பார்களாயின், வருகிற தை மாதத்திற்குள் வேலை முடிந்துவிடும்.